கொலம்பியாவின் இடது இறக்கை: ஒரு நுரைத் துண்டின் மோதலைக் கணக்கிட்டது எப்படி

2003 ஜனவரி 16-ஆம் தேதி காலை ஃபுளோரிடாவிலிருந்து கொலம்பியா விண்ணோடம் கிளம்பியது. 81.7 விநாடி கழித்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில், எரிபொருள் நிரப்பிய வெளித்தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. தொட்டியையும் விண்ணோடத்தையும் முன்பக்கத்தில் பிணைக்கும் இரண்டு கால் தாங்கியை மூடியிருந்த சரிவான நுரை மூடி, சுருக்கமாகச் சரிவு, அது. பாலியூரித்தேன் நுரையைக் கையால் தெளித்து, கையாலேயே செதுக்கி அந்தச் சரிவைச் செய்திருந்தார்கள்.

பிய்ந்த துண்டு மிக லேசானது என்பதால் காற்று அதை உடனே பிடித்து நிறுத்தப் பார்த்தது. மணிக்கு 2,500 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த அது, 0.16 விநாடியில் 1,650 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. விண்ணோடம் வேகம் குறையவில்லை. ஆகவே நுரை வந்து இறக்கையை அடித்தது என்பதைவிட, இறக்கை போய் நுரையை இடித்தது என்பதே பொருந்தும். இரண்டுக்கும் இடையே இருந்த வேக வித்தியாசம் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர்.

பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது, அந்த மோதலில் உடைந்த இடத்தின் வழியே சூடான காற்று இறக்கைக்குள் புகுந்து, டெக்சாஸ் வானத்தில் விண்ணோடம் சிதறியது. ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இலான் ரமோன் ஆகிய ஏழு பேரும் இறந்தார்கள். பிப்ரவரி 5-ஆம் தேதி, இஸ்ரோவின் மெட்சாட்-1 செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று இந்திய அரசு பெயர் மாற்றியது.

இந்த விபத்தைப் பற்றி நிர்வாகக் கோணத்தில் ஏராளமாக எழுதிவிட்டார்கள். நான் பார்க்க விரும்புவது வேறொன்றை. வளைந்து நசுங்கக்கூடிய இரண்டு பொருட்கள் ஒன்றை ஒன்று தொடும்போது என்ன ஆகும் என்பதைக் கணக்கிடும் வேலை, இந்த விபத்துக்கு முன்னாலும் பின்னாலும் எப்படி நடந்தது? ஒரே மோதலை முதலில் ஒரு சூத்திரம் கணக்கிட்டது, பிறகு ஒரு முழுமையான சிமுலேஷன் கணக்கிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஒரு துப்பாக்கிச் சோதனை. தொடுகை சிமுலேஷனை எப்போது நம்பலாம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் எனக்குத் தெரியாது.

பறந்துகொண்டிருந்த நாட்களில் போட்ட கணக்கு

ஏவிய மறுநாளே படப்பதிவுகளைப் பார்த்தவர்கள் மோதலைக் கண்டுவிட்டார்கள். பொறியாளர்கள் கொண்ட ஒரு மதிப்பீட்டுக் குழு அமைந்தது. அவர்கள் கையில் இருந்த முக்கியக் கருவியின் பெயர் கிரேட்டர். அப்போலோ காலத்தில் வேர் உள்ள ஒரு சூத்திரம் அது. மோதும் துண்டின் நீளம், விட்டம், அடர்த்தி, வேகம், விண்ணோடத்தின் மேல் பதித்திருக்கும் வெப்பத் தடுப்பு ஓட்டின் வலிமை ஆகியவற்றைக் கொடுத்தால், அந்த ஓட்டில் எவ்வளவு ஆழத்துக்குக் குழி விழும் என்று ஓர் எண் வரும். அதற்குள் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும் மெஷ் கிடையாது, அழுத்த அலை கிடையாது. பழைய சோதனைப் புள்ளிகளின் ஊடே இழுத்த வளைகோடு என்று சொல்லலாம்.

அந்தச் சோதனைகளில் சுட்ட நுரைத் துண்டுகள் 3 கன அங்குல அளவில் இருந்தன. பிய்ந்துபோன சரிவின் கன அளவு என்று குழுவின் சிலைடு சொன்னது 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. பறப்பின்போது இருந்த நிலை சோதனைத் தரவுகளுக்கு வெகு வெளியே இருக்கிறது என்ற வரியும் அதே சிலைடில் இருந்தது, கடைசி வரியாக.

கிரேட்டர் கொடுத்த விடை ஆறுதலானதல்ல. சில இடங்களில் ஓட்டின் முழுத் தடிமனையும் தாண்டிக் குழி விழும் என்றது. ஆனால் சிறு துண்டுச் சோதனைகளில் கிரேட்டர் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவந்தது. ஓட்டின் அடிப்பகுதியில் இருக்கும் அடர்த்தியான அடுக்கை அது கணக்கில் எடுக்காது என்பதும் தெரிந்த விஷயம். ஆகவே இந்த விடையும் மிகையாகத்தான் இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். சூத்திரத்தை ஓட்டிய பொறியாளர் அதற்கு முன் இரண்டு முறைதான் அதைப் பயன்படுத்தியிருந்தார். இவ்வளவு பெரிய துண்டுக்கு அது பொருந்துமா என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது.

இறக்கையின் முன்விளிம்புக்கு வேறு கணக்கு. அங்கே ஓடு கிடையாது. கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்துச் செய்த, வலுவூட்டிய கார்பன்-கார்பன் தகடுகள், ஒவ்வோர் இறக்கைக்கும் 22. அவற்றுக்கு இருந்தது பனிக்கட்டி மோதலுக்கான ஒரு சூத்திரம். 15 பாகைக்கு மேல் கோணத்தில் மோதினால் தகடு துளைபடும் என்றது அது. நுரை பனிக்கட்டியைவிட லேசானது, எனவே 21 பாகை வரை தாங்கும் என்று அனுபவத்தை வைத்து நீட்டிக்கொண்டார்கள். அந்த நீட்டிப்புக்கு ஆதாரமாக ஒரு சோதனையும் இல்லை.

குழுவில் இருந்தவர்கள் கவலையில்லாமல் இருந்தார்கள் என்று நினைக்கக் கூடாது. இறக்கையைச் சுற்றுப்பாதையிலேயே படம் எடுத்துத் தரும்படி மூன்று தடவை கோரிக்கை போனது. நாசா தரப்பில் குழுவின் இணைத்தலைவராக இருந்த ரோட்னி ரோச்சா அதற்காக வலியுறுத்தியது பதிவில் இருக்கிறது. படம் கிடைக்கவில்லை. படம் இல்லாதபோது கணக்கு மட்டுமே சாட்சி. அந்தச் சாட்சியோ தனக்குத் தெரியாத ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

மெத்தென்ற பொருள் எப்படி உடைக்கிறது

நுரையைப் பற்றி அப்போது பரவலாக இருந்த எண்ணம், அது லேசான பொருள், கார்பன் தகட்டை ஒன்றும் செய்யாது என்பது. ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருப்பதும் இதே வகை பாலியூரித்தேன் நுரைதான். விரலால் அழுத்தினால் குழி விழும். மெதுவாக அழுத்தும்போது இரண்டு பொருட்களுக்கு இடையே வரும் விசையை முடிவு செய்வது மென்மையான பொருளின் வலிமை. ஆகவே அந்த எண்ணம் மெதுவான தொடுகைக்குச் சரி.

வேகம் கூடும்போது கணக்கு மாறுகிறது. நுரை நசுங்குவதற்கு நேரம் வேண்டும்; பின்னாலிருந்து வரும் நுரை நிற்பதற்கும் விசை வேண்டும். தொடும் இடத்து அழுத்தம் இப்போது அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. கையாலேயே போட்டுப் பார்க்கலாம். விபத்துக்குப் பின் அமைந்த விசாரணைக் குழு எடுத்துக்கொண்ட எடை 1.67 பவுண்டு, அதாவது முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். நுரையின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 38 கிலோ. வேகம் விநாடிக்கு 236 மீட்டர். இயக்க ஆற்றல் 21,000 ஜூல் வருகிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையை பதினான்கு மாடி உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் அது.

ஆனால் ஆற்றல் மட்டும் தகட்டை உடைக்காது. எவ்வளவு நேரத்தில், எவ்வளவு இடத்தில் அது இறங்குகிறது என்பதுதான் முக்கியம். 25 பாகை கோணத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், தகட்டுக்குச் செங்குத்தான வேகம் விநாடிக்கு 100 மீட்டர். அரை மீட்டர் நீளத் துண்டு முழுவதும் வந்து சேர 2 மில்லிவிநாடி ஆகும். உந்தத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை சுமார் 38 கிலோநியூட்டன், ஏறக்குறைய 4 டன். இதைத் தாங்க வேண்டிய தகட்டின் தடிமன் சுமார் 6 முதல் 9 மில்லிமீட்டர். கார்பன்-கார்பன் 1,600 பாகை செல்சியஸ் வெப்பத்தை அசராமல் தாங்கும். வளைவதற்கென்று செய்த பொருள் அல்ல.

இந்தக் கைக்கணக்கு ஒரு பொறியாளர் கால் மணி நேரத்தில் போடக்கூடியது. தகடு உடையும் என்று இது நிரூபிக்காது. நுரை லேசானது என்ற சொல்லை வைத்து யாரும் நிம்மதி அடைய முடியாது என்பதை மட்டும் நிரூபிக்கும். பெரிய சிமுலேஷன் எதையும் தொடங்குவதற்கு முன் இப்படி ஒரு பக்கக் கணக்கைப் போட்டு வைப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் கணினி தரும் எண் இதிலிருந்து பத்து மடங்கு விலகினால், எங்கோ பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

தொடுகையைக் கணினி பார்க்கும் விதம்

இரண்டு மீள் பொருட்களின் தொடுகைக்கு முதல் முறையான தீர்வைத் தந்தவர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், 1882-ல். கண்ணாடி வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தும்போது அவற்றின் வடிவம் எப்படி மாறுகிறது என்ற கேள்வியிலிருந்து அவர் அங்கே வந்து சேர்ந்தார். பேரிங் குண்டு, பற்சக்கரம், ரயில் சக்கரம் எல்லாவற்றுக்கும் இன்றும் முதல் கணக்கு அதுதான். ஆனால் தொடும் பகுதி பொருளின் அளவோடு ஒப்பிட்டால் சிறியதாக இருக்க வேண்டும், பொருள் மீள்தன்மையோடு இருக்க வேண்டும், உராய்வு இருக்கக் கூடாது. நுரை மோதலில் இந்த மூன்றுமே இல்லை.

தொடுகைக் கணக்கின் அடிப்படைச் சிக்கல் என்னவென்றால், எந்த இடம் தொடுகிறது என்பதே விடையின் ஒரு பகுதி. விசை தெரிந்தால்தான் வடிவ மாற்றம் தெரியும். வடிவ மாற்றம் தெரிந்தால்தான் எங்கே தொடுகிறது என்று தெரியும். எங்கே தொடுகிறது என்று தெரிந்தால்தான் விசை தெரியும். இத்தாலியரான அந்தோனியோ சிஞ்ஞோரினி 1959-ல் இந்தச் சிக்கலை ஒரு கணிதக் கேள்வியாகவே வைத்தார். அப்படி ஒரு தீர்வு உண்டு, அதுவும் ஒன்றுதான் என்று கயேதானோ ஃபிகேரா 1963-ல் நிறுவினார். ஒரு புள்ளியில் ஒன்று இடைவெளி பூஜ்யம், அல்லது அழுத்தம் பூஜ்யம். இடைவெளியும் அழுத்தமும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. இழுவிசையும் வர முடியாது. கேட்க எளிதாக இருக்கும் இந்த நிபந்தனைதான் இன்றுவரை மென்பொருட்களைத் திணற வைக்கிறது.

மோதல் போன்ற குறுகிய நிகழ்வுகளுக்கு வேறொரு பாதை திறந்தது. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் 1976-ல் டைனா3டி என்ற நிரலை எழுதினார். தாழ்வான உயரத்திலிருந்து போடும் அணுகுண்டு தரையில் மோதுவதைக் கணக்கிடுவதற்காகத் தொடங்கிய வேலை அது. பின்னாளில் அது எல்எஸ்-டைனா ஆகி, கார் நிறுவனங்களின் விபத்துச் சோதனை அறைகளுக்குள் போய்ச் சேர்ந்தது.

அதன் அணுகுமுறை இப்படி. இரண்டு பொருட்களையும் சிறு சிறு எலிமென்ட்களாகப் பிரித்து மெஷ் போடு. நேரத்தை மிகச் சிறிய அடிகளாக வெட்டு. ஒவ்வோர் அடியிலும் எந்த நோட் (எலிமென்ட்டின் மூலைப் புள்ளி) எந்தப் பரப்புக்குள் நுழைந்திருக்கிறது என்று தேடு. நுழைந்திருந்தால், எவ்வளவு ஆழம் நுழைந்ததோ அதற்கேற்ற விசையால் வெளியே தள்ளு. இதுதான் பெனால்டி முறை. பரப்புக்கும் நோடுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங் வைப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

நேர அடி எவ்வளவு சிறியது? ஒலி ஓர் எலிமென்ட்டைக் கடக்கும் நேரத்துக்கு மேல் போகக் கூடாது. உதாரணத்துக்கு, கார்பன்-கார்பனில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 3,000 மீட்டர் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். எலிமென்ட் 5 மில்லிமீட்டர் என்றால் நேர அடி 1.6 மைக்ரோவிநாடி. 5 மில்லிவிநாடி நிகழ்வுக்கு 3,000-க்கும் மேற்பட்ட அடிகள். ஓர் அடியில் நுரை நகரும் தூரம் 0.4 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், தொடுகைத் தேடல் எதையும் தவறவிடாமல் பிடிக்க முடிகிறது.

சரி, அந்த ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும்? நுரை-கார்பன் ஜோடியின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான முறையில், தொடும் எலிமென்ட்டின் பொருள் எவ்வளவு விறைப்பானதோ அதிலிருந்து ஸ்பிரிங்கின் அளவை மென்பொருள் எடுக்கும். இரண்டு எஃகுத் தகடுகள் மோதினால் பிரச்சினை இல்லை. இங்கே ஒரு பக்கப் பொருள் மற்றதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெத்தென்றது. மெத்தென்ற பக்கத்தை வைத்து ஸ்பிரிங்கைத் தேர்ந்தால், நுரை தகட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். விசை குறைவாகத் தெரியும். தகடு தப்பித்ததாகப் படம் காட்டும். விறைப்பான பக்கத்தை வைத்துத் தேர்ந்தால், லேசான நுரை நோட்கள் ஒரே அடியில் எகிறிப் பறக்கும், கணக்கே வெடித்துவிடும். இதற்காகவே நோட்களின் நிறையையும் நேர அடியையும் வைத்து விறைப்பைக் கணக்கிடும் இன்னொரு வழி அந்த மென்பொருளில் இருக்கிறது. நுரை, ரப்பர் போன்றவற்றோடு வேலை செய்பவர்கள் அதைத்தான் நாடுகிறார்கள்.

அப்புறம் நுரை எலிமென்ட்களின் கதை. நுரை அதன் பழைய தடிமனில் சிறு பங்காக நசுங்கும். மெஷ்ஷில் ஓர் எலிமென்ட் அந்த அளவுக்கு நசுங்கும்போது, அதன் மேல் முகம் கீழ் முகத்தைத் தாண்டிப் போய், கன அளவு எதிர்மறையாகி, ஓட்டம் நின்றுவிடும். நுரையைக் கணக்கிட்ட எவரும் இந்தப் பிழைச் செய்தியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அதைத் தடுக்க எலிமென்ட்டின் உள்ளேயே ஒரு தொடுகையை வைக்கலாம், கெட்டுப்போன எலிமென்ட்டை நீக்கலாம், நுரையின் விசை-நசுக்கல் வளைகோட்டைக் கடைசிப் பகுதியில் செங்குத்தாக நீட்டலாம். இவை ஒவ்வொன்றும் விடையைக் கொஞ்சம் மாற்றும். முக்கியமாக நீக்கல். நீக்கிய எலிமென்ட்டோடு அதன் உந்தமும் காணாமல் போனால், தகட்டுக்கு வரவேண்டிய அடி குறைந்துவிடும்.

ஆகவே ஒரு மோதல் சிமுலேஷனின் அனிமேஷனைப் பார்க்கும் முன் நான் முதலில் கேட்பது ஆற்றல் கணக்கைத்தான். மொத்த ஆற்றல் நேராக இருக்கிறதா? தொடுகை ஆற்றல் எதிர்மறையாகப் போகிறதா? மெஷ்ஷின் செயற்கை நெளிவைத் தடுக்கச் செலவான ஆற்றல் சிறிய பங்காக இருக்கிறதா? இந்த மூன்று கோடுகளும் ஒழுங்காக இல்லாத சிமுலேஷனில் வண்ணங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றுக்கு அர்த்தமில்லை.

சான் அன்டோனியோவில் சுட்ட நுரை

விபத்து விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஹரால்ட் கெமன். மார்ச் மாதம் டெக்சாஸில் கிடைத்த பதிவுக் கருவி, வளிமண்டலத்தில் நுழைந்து நாலரை நிமிடத்திலேயே இடது முன்விளிம்பில் 9-ஆம் தகட்டுக்குப் பின்னால் இருந்த உணரியில் மாற்றம் தெரிந்ததைக் காட்டியது. சந்தேகம் 8-ஆம் தகட்டின் பக்கம் குவிந்தது. நுரை அதை உடைத்திருக்க முடியுமா என்பதைக் குழு உறுப்பினர் ஸ்காட் ஹப்பர்டின் மேற்பார்வையில் நேரடியாகச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்கள்.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் இருக்கும் தென்மேற்கு ஆய்வு நிறுவனத்தில், விமானப் பாகங்கள் மேல் பறவை மோதுவதைச் சோதிக்கப் பயன்பட்ட அழுத்த வாயுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதன் குழல் 10 மீட்டருக்கும் நீளம். முதலில் கண்ணாடி இழைத் தகடுகள்மேல் சுட்டார்கள்; அவை எண்டர்பிரைஸ் என்ற சோதனை விண்ணோடத்திலிருந்து எடுத்தவை, கார்பன்-கார்பனைவிட வலுவானவை. சுடும் முறையும் அளக்கும் முறையும் அதில் பழகின. ஜூன் 6-ஆம் தேதி, டிஸ்கவரி விண்ணோடத்தில் 30 தடவை பறந்திருந்த 6-ஆம் தகட்டின்மேல் சுட்டார்கள். 5.5 அங்குல நீளத்துக்கு விரிசல் விட்டது. நுரையால் கார்பன்-கார்பனை உடைக்க முடியும் என்பது அன்றே உறுதியானது.

ஜூலை 7-ஆம் தேதி 8-ஆம் தகடு. அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் 26 தடவை பறந்தது அது. 1.67 பவுண்டு நுரைக்கட்டி, விநாடிக்கு 777 அடி வேகம், சுமார் 25 பாகை கோணம். உண்மையான துண்டு விநாடிக்குப் பல முறை சுழன்றுகொண்டே வந்தது என்பதால், கட்டியைத் தன் அச்சில் 30 பாகை திருப்பி வைத்தார்கள். அதனால் தட்டையான முகத்துக்குப் பதிலாக ஓரம் முதலில் பட்டது. தகட்டில் ஏறத்தாழ 16 அங்குலத்துக்கு 17 அங்குலம் ஓட்டை விழுந்தது. ஒரு மனிதரின் தலையும் தோளும் நுழையும் அளவு.

இரண்டு சோதனைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கட்டியின் எடை ஒன்று, வேகம் ஏறத்தாழ ஒன்று. தகடு வேறு, கட்டி திரும்பியிருந்த விதம் வேறு. ஒன்றில் விரிசல், மற்றதில் பெரிய ஓட்டை. நீளம், விட்டம், வேகம் என்று சில எண்களை மட்டும் உண்ணும் சூத்திரத்துக்கு, கட்டியின் எந்த ஓரம் முதலில் பட்டது என்பதைக் கேட்கத் தெரியாது. தொடுகை எங்கே தொடங்குகிறது, எப்படிப் பரவுகிறது என்பதை அடி அடியாகப் பின்தொடரும் கணக்குக்கு மட்டுமே அது தெரியும்.

மாடலை அடியிலிருந்து கட்டியது

விசாரணைக் குழுவின் அறிக்கை 2003 ஆகஸ்ட் 26-ஆம் தேதி வந்தது. அதன் பரிந்துரைகளில் ஒன்று, சிதறல் மோதலால் வெப்பத் தடுப்புக்கு வரும் சேதத்தைக் கணிக்க இயற்பியல் அடிப்படையிலான கணினி மாடல்களை உருவாக்கி, சோதித்துச் சரிபார்த்து, பராமரிக்க வேண்டும் என்பது. கடைசி வினைச்சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. பராமரிக்காத மாடல்தான் ஒரு நாள் இன்னொரு கிரேட்டர் ஆகிறது.

நாசாவின் கிளென், லாங்லி, ஜான்சன் மையங்களும் போயிங்கும் சேர்ந்து எல்எஸ்-டைனாவில் இந்த வேலையைச் செய்தன. விசாரணை நடக்கும்போதே தொடங்கிவிட்டார்கள். அவர்கள் போன வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முழு இறக்கையை மாடல் செய்து, சோதனைப் படத்தோடு பொருந்தும்வரை எண்களைத் திருகுவது எளிதான வழி. அவர்கள் அதைச் செய்யவில்லை.

முதலில் பொருட்கள். நுரையை வெவ்வேறு வேகங்களில் நசுக்கி, ஒவ்வொரு வேகத்துக்கும் தனித்தனி வளைகோடு எடுத்தார்கள். வேகமாக நசுக்கினால் நுரை விறைப்பாக நடந்துகொள்ளும். ஒரே வளைகோட்டை வைத்திருந்தால் விசை குறைவாக வந்திருக்கும். கார்பன்-கார்பன் இழுவையில் ஒரு மாதிரியும் அழுத்தத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். பறந்து பறந்து ஆக்சிஜனேற்றத்தால் அது வலிமையும் இழந்திருக்கும். புதிய தகட்டின் எண்ணை எடுத்துப் பழைய தகட்டுக்குப் போட்டால் விடை தவறு.

அடுத்து சிறிய மோதல்கள். விசை அளக்கும் தளத்தின்மேல் நுரையைச் சுட்டு, மாடல் சொல்லும் விசையும் அளந்த விசையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். இங்கே கார்பன் உடைவது பற்றிய கேள்வியே இல்லை. நுரையும் தொடுகையும் மட்டும் சோதனையில். அதன்பின் சிறிய கார்பன்-கார்பன் தட்டுகள் மேல் சுட்டு, உடையும் இடத்தைப் பார்த்தார்கள். இவற்றுக்கெல்லாம் பிறகுதான் முழுத் தகடு, அதன் விலா, தகடுகளுக்கு இடையிலான அடைப்புகள், பிடிமானங்கள் எல்லாம் சேர்த்து, சான் அன்டோனியோ சோதனைகளோடு ஒப்பீடு. ஒவ்வொரு படியிலும் தெரியாத விஷயம் ஒன்றுதான் இருக்கும்படி பிரித்துக்கொண்டதால், முழுத் தகட்டில் வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாடலுக்கு எல்லையும் உண்டு. விரிசல் ஓடத் தொடங்கியபின் அது எந்த வழியாக ஓடும் என்பது மெஷ்ஷைப் பொறுத்து மாறும். எலிமென்ட்களை நீக்கி உடைவைக் காட்டும் எந்த முறைக்கும் இந்தக் குறை உண்டு. ஆகவே ஓட்டை இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்வதற்கு அல்லாமல், சேதம் எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில், எந்த எடையில் தொடங்கும் என்ற எல்லைக்கோட்டை வரைவதற்கே அதை முக்கியமாகப் பயன்படுத்தினார்கள். கருவிக்கு நன்றாகத் தெரிந்த கேள்வியை மட்டும் அதனிடம் கேட்பது என்ற இந்தக் கட்டுப்பாடு, என் பார்வையில், முழு வேலையிலும் மிகப் பக்குவமான முடிவு.

நம் ஊரில் கார் பம்பர், ரப்பர் சீல், ஹெல்மெட் நுரை, மின்கலப் பெட்டி என்று தினமும் தொடுகை சிமுலேஷன் ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் இது சாதாரண அலுவலக வேலை. பல சமயம் நேரம் இருப்பதில்லை; போன திட்டத்தின் பொருள் அட்டையை (பொருளின் பண்பு எண்கள் அடங்கிய பட்டியலை) அப்படியே எடுத்துப் புதிய மாடலில் போட்டு ஓட்டுகிறோம். அந்த அட்டை எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு நசுக்கல் வரை சோதித்தது என்ற ஒரு வரி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகக் கேட்கிறேன். கொலம்பியா சிலைடில் அந்த வரி கடைசியில் இருந்தது.

மறுபடி பறந்தபோது

2005 ஜூலை 26-ஆம் தேதி டிஸ்கவரி கிளம்பியது. விபத்துக்குக் காரணமான நுரைச் சரிவை அதற்குள் முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் தொட்டியின் வேறோர் இடத்திலிருந்து பெரிய நுரைத் துண்டு ஒன்று பிய்ந்தது. இறக்கையில் படவில்லை. பறப்புகள் மீண்டும் நின்றன. அடுத்தது 2006 ஜூலை 4-ல்தான். எவ்வளவு பெரிய துண்டு வரை பொறுக்கலாம் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மோதல் மாடல்கள் இருந்தன. இயந்திரக் கையின் நுனியில் கேமராவும் லேசர் உணரிகளும் பொருத்தி, சுற்றுப்பாதையிலேயே வெப்பத் தடுப்பைப் பார்க்கும் ஏற்பாடும் வந்திருந்தது.

2007 ஆகஸ்ட் 8-ஆம் தேதி எண்டவர் கிளம்பி ஒரு நிமிடம் ஆகும் முன், தொட்டியிலிருந்து பிய்ந்த துண்டு ஒன்று தொட்டியின் தாங்குகம்பியில் பட்டுத் தெறித்து விண்ணோடத்தின் அடிவயிற்று ஓட்டில் மோதியது. ஏறத்தாழ 9 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் அளவில் பள்ளம்; ஓட்டின் அடிவரை இறங்கியிருந்தது. இந்த முறை லேசர் அதன் வடிவத்தை அளந்தது. அதே வடிவத்தில் பள்ளம் வெட்டிய ஓடுகளைத் தரையில் சூடான வாயு ஓட்டத்தில் வைத்துச் சோதித்தார்கள். வெப்பக் கணக்கையும் போட்டார்கள். விண்வெளியில் நடந்து போய்ச் சரிசெய்யத் தேவையில்லை என்ற முடிவு அவற்றின் அடிப்படையில் எடுத்தது. ஆகஸ்ட் 21-ஆம் தேதி எண்டவர் ஏழு பேரோடும் பத்திரமாகத் தரை இறங்கியது.